பாட்டி கேட்ட புயல் கேள்வி

(பினாங்கில் மாணவர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி பினாங்கு வந்து இறங்கியவர். கார்த்திகை பிறந்தால் ஊர் நினைப்பு வந்துவிடும். "அங்க புயல் வந்து கூரையைப் பிடுங்கிட்டுப் போகுது. இங்கயும் அதே கடல்தானே, ஏம்ப்பா வர்றதில்ல?" என்று கேட்பார். அப்போது எனக்குப் பதில் தெரியாது. அவரிடம் சொல்லாமல் போனதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

புயலுக்குத் தீனி கடலின் சூடு. மேல்நீர் ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் சுள்ளென்று சுடுகிறதல்லவா? ஆவி தோலில் பட்டு நீராக மாறுகையில், தனக்குள் வைத்திருந்த வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. கடல் ஆவி உயரே மேகமாகும்போதும் இதேதான். அந்த வெப்பத்தில் காற்று இன்னும் எழும்பும். அடியில் அழுத்தம் குறையும். சுற்றியுள்ள காற்று அங்கே ஓடி வரும்.

பெரு நாட்டுக் கரையோரம் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுவதால் அங்கே தீனியே இல்லை. தென் அட்லாண்டிக்கில் மேல்காற்றும் கீழ்க்காற்றும் ஒத்துப் போவதில்லை. எழும் மேகத்தைச் சாய்த்துக் கலைத்துவிடும். 2004 மார்ச்சில் பிரேசிலைத் தாக்கிய கட்டரினா மிக அபூர்வம்.

சரி, நம் மலாக்கா நீரிணை? சூட்டுக்குக் குறைவே இல்லை. குறைவது சுழற்சி. ஓடி வரும் காற்றைப் பூமியின் சுழற்சி ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். கொரியோலிஸ் விசை என்பது அதுதான். திருப்பாவிட்டால் காற்று நேரே போய் நடுப்பள்ளத்தை நிரப்பிவிடும், கதை முடிந்தது. நிலநடுக்கோட்டில் இந்தத் திருப்பம் சுழியம். பினாங்கு 5.4 டிகிரி வடக்கில் இருக்கிறது. 2018இல் கஜா கரை கடந்த வேதாரண்யம் பக்கம் ஏறக்குறைய 10.4. அங்கே திருப்பம் நமக்குக் கிடைப்பதைப் போல இரு மடங்கு. பாட்டி, விடை இந்த 5 டிகிரிக்குள்தான் இருந்தது.

அதற்காக நம் பக்கம் புயலே பிறக்காது என்று நினைத்துவிடாதீர்கள். 2001 டிசம்பர் இறுதியில் வெறும் 1.4 டிகிரி வடக்கில், தென்சீனக் கடலில் வாமேய் புயல் பிறந்து, 27 அன்று ஜொகூரைத் தாக்கியது. பலமாக வீசிய வடகிழக்குப் பருவக்காற்று, போர்னியோ ஓரத்துக் காற்றுச் சுழலோடு குறுகிய கடலில் உரசியது. பூமி தராத சுழற்சியை அந்த உரசல் தந்தது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம்.

அப்புறம் 2025 நவம்பர் இறுதியில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் பிறந்தது. வட சுமத்ராவைப் புரட்டிப் போட்டுவிட்டு, நம் தீபகற்பத்தையும் கடந்து போனது. பாட்டி கப்பலிலிருந்து இறங்கிய அதே நீரிணை.