இறக்கத்தில் சம்பாதிக்கும் கோச்சி

வணக்கம், நேயர்களே.

ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டிக்கு இறங்கும் கோச்சியில், அதாவது ரயிலில், போனவர்களுக்கு ஒரு வாடை தெரிந்திருக்கும். ரொசல்ல தாண்டி, வட்டவளை தாண்டி, கலபொடைப் பக்கம் வரும்போது யன்னலோரம் இருப்பவரின் மூக்கில் ஏறும் சூடான இரும்பு வாடை. பிரேக் கட்டை சக்கரத்தோடு உரசுகிற வாடை அது. இன்று பேச வந்தது இலங்கையின் மலையகத்துக்கு மின்சார ரயில் என்ற விடயம். ஆனாலும் அந்த வாடையை மனதில் வைத்திருங்கள். திரும்பத் திரும்ப அங்கேதான் வரப்போகிறேன்.

ஹட்டன் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,262 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாவலப்பிட்டி 583 மீற்றர். இடையில் ஏறக்குறைய 680 மீற்றர். ஆட்களோடு சேர்த்து 200 தொன் எடையுள்ள ஒரு வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 370 யூனிட் சக்தி வேண்டும். மாதம் 90 யூனிட் பாவிக்கிற வீடு என்றால் அது நான்கு மாதக் கணக்கு. இத்தனையும் டீசலை எரித்துத்தான் வண்டிக்குள் ஏற்றுகிறோம். அதே வண்டி கீழே இறங்கும்போது, ஏற்றி வைத்த சக்தி சூடாக மாறிக் காற்றோடு போகிறது. உங்கள் மூக்கில் ஏறியது அந்த 370 யூனிட்டின் வாடைதான்.

மின்சார வண்டியில் இது எப்படி மாறும்? பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தவுடனே மிதி கனக்கும், லைட் எரியும். மின்சார ரயிலின் மோட்டாரும் இறக்கத்தில் அப்படித்தான். ஏறும்போது மின்சாரத்தை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றுகிற அதே மோட்டாரை, இறங்கும்போது சக்கரம் சுற்றுகிறது. மோட்டார் கனக்கிறது, வண்டி மெதுவாகிறது, மின்சாரம் திரும்பி வருகிறது. தண்டவாள உராய்வு, வளைவுகளின் பிடி, மோட்டாரிலும் பற்றரியிலும் போகிற சேதாரம் எல்லாம் கழித்தால் ஒரு கணக்குச் சொல்லலாம். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏற 550 யூனிட் அளவு செலவாகும். இறங்கி வந்தால் 200 யூனிட் அளவு கைக்குத் திரும்பும். அதோடு பிரேக் கட்டை தேய்வது குறையும், சக்கரம் சூடாகி அதில் வெடிப்பு விழுவதும் குறையும். பிரேக் கட்டையை வண்டியை முற்றாக நிறுத்தவும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு கதை. தெமோதரை வளைவைப் பற்றி மலையகத்தில் பலரும் கேட்டிருப்பீர்கள். பதுளைக்குப் பாதை போட்ட காலத்தில், கீழே இருக்கிற பள்ளத்துக்குக் கோச்சியை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றாராம். பக்கத்தில் இருந்த தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து, தலையைச் சுற்றி மறுபடி கட்டினாராம். அதைப் பார்த்தவுடன், பாதையையும் இப்படியே மலையைச் சுற்றிக் கொண்டுவந்து விடலாமே என்று பிடிபட்டதாம். வாய்வழியாக வருகிற கதைதான் இது. ஆனால் கதை சொல்லுகிற விடயம் உண்மை. தெமோதரை நிலையத்தை விட்டு இறங்குகிற பாதை மலையைச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது.

ஏன் அப்படிச் சுற்றினார்கள்? மலைப்பாதையின் சாய்வு 44 அடிக்கு ஓரடிக்கு மேல் போகக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்கள். உயரம் கூடினால் பாதையை நீட்டு, சாய்வைக் கூட்டாதே. 1885 இல் நானுஓயா வரை, 1924 இல் பதுளை வரை, அந்தக் கணக்கை வைத்தே வெட்டினார்கள். அந்த மண்ணைச் சுமந்ததும் கல்லை உடைத்ததும் யார் என்பதை இந்த நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் போட்ட சாய்வு இன்றைய மின்சார வண்டிக்கு ஒரு பெரிய விடயமே அல்ல. மும்பையிலிருந்து புனே போகிற வழியில் கர்ஜத், லோனாவாலா என்ற இரண்டு இடங்களுக்கு இடையில் சாய்வு 37 அடிக்கு ஓரடி. நமது பாதையை விடச் செங்குத்து. தண்டவாள அகலம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், 1,676 மில்லிமீற்றர். அங்கே 1920களின் முடிவிலேயே மின்சார வண்டி ஏறிவிட்டது.

மழைக்காலத்தில் என்ஜின் சக்கரம் வழுக்கி, அதே இடத்தில் சுற்றுகிற சத்தம் கேட்டிருப்பீர்கள். பனியும், நசுங்கிய இலையும் தண்டவாளத்தில் எண்ணெய் மாதிரிப் படியும். 80 தொன் என்ஜின் 200 தொன் பெட்டிகளை இழுக்கிறது என்று வையுங்கள். இந்தச் சாய்விலும் வளைவிலும் என்ஜின் தன் எடையில் ஒன்பதில் ஒரு பங்கை இழுவிசையாகக் கொடுக்க வேண்டும். வழுக்குகிற தண்டவாளம் அதைத் தாங்காது, அதனால்தான் மணல் தூவுகிறார்கள். பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் வைத்த வண்டியில், பாதி அச்சுகளுக்கு மோட்டார் இருந்தால், அந்த அச்சுகள் மேல் நிற்கிற எடையில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். சக்கரம் எளிதில் வழுக்காது.

சரி, மின்சாரத்தை வண்டிக்கு எப்படிக் கொடுப்பது? தலைக்கு மேல் 25,000 வோல்ற் கம்பி போடுவது உலக வழக்கம். நமக்குத் தடை சுரங்கங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் மட்டுமே அரைக் கிலோமீற்றருக்கு மேல். கம்பிக்கும் சுரங்கக் கூரைக்கும் இடையில் கால் மீற்றர் அளவு வெற்றிடம் வேண்டும். பழைய சுரங்கத்தில் அதற்கு இடம் காணாது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கம்பியைத் தாங்குகிற பீங்கானில் விழுந்தால் மின் பாய்ந்துவிடும். தண்டவாளத்தைத் தோண்டி இறக்கலாம், ஆனால் அது பல வருட வேலை. மண்சரிகிற சரிவில் கம்பம் நடுவதும் லேசான காரியம் அல்ல.

ஆகவே கம்பியை வேண்டிய இடத்தில் மட்டும் போட்டு, மற்ற இடத்தில் பற்றரியில் ஓடுகிற வண்டிதான் நமக்குப் பொருத்தம். ஜப்பானில் கராசுயாமா என்ற 20 கிலோமீற்றர் கிளைப்பாதையில் 2014 முதல் இப்படி ஓடுகிறது. கடைசி நிலையத்தில் ஒரு துண்டுக் கம்பி; வண்டி வந்து நின்று, கூரைமேல் இருக்கிற கையைத் தூக்கி, அந்தக் கம்பியிலிருந்து மின்சாரத்தைக் குடித்துவிட்டுத் திரும்புகிறது. நமது ஏற்றத்துக்கு 1,000 யூனிட் பற்றரி வேண்டும். 550 போதுமே என்று நினைக்காதீர்கள். அடிவரை வற்றவிட்டால் பற்றரி சீக்கிரம் கெட்டுவிடும். மரம் விழுந்து நடுவழியில் நின்றாலும் லைட் எரிய வேண்டும். வருடம் போகப்போகக் கொள்ளளவும் குறையும். அந்தப் பற்றரி 10 தொன் அளவு வரும்.

இப்போது மிக முக்கியமான விடயம். சார்ஜ் பண்ணுகிற இடத்தை ஹட்டனில் வைக்கக்கூடாது, நாவலப்பிட்டியில் வைக்க வேண்டும். மேலே பற்றரியை முட்ட நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வருகிற 200 யூனிட்டை எங்கே வைப்பது? நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். மோட்டாரால் பிடிக்க முடியாமல் பழையபடி பிரேக் கட்டையே பிடிக்கும், பழையபடி அந்த வாடைதான் வரும். மேலிருந்து புறப்படும்போது பற்றரி பாதி காலியாக இருக்க வேண்டும். இதை வண்டி வாங்குகிற கடதாசியிலேயே எழுதி வைக்க வேண்டும். மறுபடி சொல்கிறேன், கீழே நிரப்புங்கள், மேலே இடம் விடுங்கள். நாவலப்பிட்டியில் 20 நிமிடத்தில் 500 யூனிட் ஏற்றினால் 1,500 கிலோவாற்று வேண்டும். 25,000 வோல்ற்றில் அது வெறும் 60 அம்பியர். மெல்லிய கம்பியே தாங்கும். ஊருக்குள் வருகிற 33,000 வோல்ற் லைனிலிருந்து எடுக்கலாம்.

முதலில் எங்கே தொடங்குவது? பதுளையில் அல்ல. மாத்தளை, கண்டி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. பேராதனையிலிருந்து கம்பளை வரை மகாவலியோரமாகப் பாதை கிட்டத்தட்ட சமதரையில் போகிறது. பல்கலைக்கழகத்துக்கும் கண்டி ஆஸ்பத்திரிக்கும் கடைகளுக்கும் தினமும் பஸ்ஸில் நெரிபடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். சாரதிகளும் பழுது பார்ப்பவர்களும் இங்கே பழகிவிட்டு, பிறகு ஹட்டன் ஏற்றத்துக்குப் போகலாம்.

நேரம் முடிகிறது என்று காட்டுகிறார்கள். நேர அட்டவணையைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், ஒரு வரியில் சொல்கிறேன்: காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் அரை மணிக்கு ஒரு வண்டி இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவர் ஏறமாட்டார். அடுத்தது, மேடை. புதுப் பெட்டியின் தரையும் நிலைய மேடையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வண்டிக்கு அளவு கொடுக்கும் முன்பே ஒவ்வொரு நிலையத்திலும் மேடையை அளந்து எழுத வேண்டும், வளைவில் இருக்கிற மேடைகளில் இடைவெளியையும் சேர்த்து.

வணக்கம்.