ரூஃப் லைனிங் தொங்குது, கதவு பாக்கெட் தொளதொளங்குது: எந்தப் பசை போடலாம்?

சரி, அடுத்த கேள்வி. வேளச்சேரியில இருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்காரு. பழைய ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டு கதவு கூப்பே. "ரூஃப் லைனிங், அதான் கார் உள்கூரையை மூடியிருக்கிற துணி, பின் கண்ணாடிப் பக்கம் தொங்கி, மிரர்ல பாத்தா பின்னாடி வர்ற வண்டியே தெரியல. கதவு பாக்கெட்டும் தொளதொளன்னு வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. ஊசியில பசை ஏத்தினா நிக்குமா? எந்தப் பசை நல்லது?"ன்னு கேக்குறாரு.

இந்த "எந்தப் பசை" நம்மள விடமாட்டேங்குது. சன்ரூஃப்ல தண்ணி வடியிற குழாயைப் பத்திப் பேசினப்போவும் கீழ கமெண்ட்ல இதையேதான் கேட்டிருந்தீங்க. அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். பசை போகலைங்க, ஸ்பாஞ்ச் செத்துப்போச்சு.

ரூஃப் லைனிங்னா வெறும் துணி இல்ல. மேல கூரைத் தகடுக்கு ஒட்டின மாதிரி அச்சுல வார்த்த ஒரு போர்டு. அதுக்குக் கீழ 3 மில்லிமீட்டர் சுமாருக்கு பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்ச் துணியோட முதுகுலயே ஒட்டி வருது. சூடும் ஈரமும் சேர்ந்து வருஷக்கணக்கா அடிச்சா அந்த ஸ்பாஞ்ச் உள்ளுக்குள்ளயே அறுந்து மாவாயிடும். சென்னையில ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. வெயில்ல நிறுத்தின கார் உள்ள 60 டிகிரி தாண்டிடுது, கடல் காத்து ஈரம் வேற. கூப்பேல பின் கண்ணாடி சாஞ்சு பெருசா இருக்கும், அதனால அந்த ஓரம்தான் முதல்ல தொங்கும். ஜன்னலை இறக்கி விட்டு ஓட்டினா காத்து உள்ள பூந்து துணியை உப்ப வச்சு மிச்சத்தையும் பிரிச்சுடும்.

தொங்குற இடத்துல விரலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. பழுப்பா, பிசுபிசுன்னு தூள் வரும். அதுக்கு மேல ஊசி போட்டா, பொரிஞ்ச சுண்ணாம்புச் சுவத்துல போஸ்டர் ஒட்டுற கதைதான். பசை தூளைப் பிடிச்சுக்கும், போர்டைப் பிடிக்காது. கூடவே துணி வழியா கசிஞ்சு வட்ட வட்டமா கறை தெரியும், அது போகவே போகாது. ஸ்டீம் அடிச்சா ஒட்டிக்கும்னு சொல்றதும் இதே கணக்குதான், ரெண்டு வெயிலுக்குத் தாங்காது. திருகு பின் குத்தி வைக்கிறது தற்காலிகம். தப்புன்னு சொல்லமாட்டேன், பின்னாடி ரோடு தெரியணுமே.

அதனால போர்டை வெளிய எடுத்தாகணும். நீங்க உண்மையில கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: போர்டு மடங்காம எப்படி வெளிய வரும்? லைனிங் வேலை கெட்டுப்போறது பாதி இங்கதான். போர்டு ஒரு தடவை மடங்கிட்டா அந்தக் கோடு புதுத் துணி மேலயும் தழும்பா தெரியும்.

கூரை ஓரத்துல கர்ட்டன் ஏர்பேக் (மோதினா ஜன்னல் பக்கம் திரை மாதிரி விரியிற காத்துப் பை) இருக்கிற வண்டின்னா, அது தவறி வெடிக்காம இருக்க, முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டி பத்து நிமிஷத்துக்குக் குறையாம விடுங்க. அப்புறம் சன்வைசர், உள் விளக்கு, பில்லர் கவர் (கண்ணாடிகளுக்கு நடுவுல கூரையைத் தாங்குற தூணோட மூடி), கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங். கிளிப்பை நெம்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பி வாங்குங்க. விளக்கு ஒயர் பல வண்டியில போர்டு முதுகுல ஒட்டியிருக்கும். கனெக்டரைப் பிரிக்காம இழுத்தா போர்டு கிழியும். சீட்டை முழுசா சாச்சுட்டு, பின்னாடி ஹேட்ச், அதாவது கண்ணாடியோட மேல தூக்குற கதவு, இருந்தா அந்த வழியா, இல்லன்னா பயணி கதவு வழியா, ரெண்டு ஆள் பிடிச்சு வெளிய எடுக்கணும். "வண்டிக்குள்ளயே முடிச்சுடலாம் சார்"னு கடையில சொன்னா அங்க விடாதீங்க.

வெளிய வந்ததும் துணியை உரிச்சுடலாம், லேசா வந்துடும். மிச்சம் இருக்கிற ஸ்பாஞ்சை நைலான் பிரஷ்ஷால தேய்க்கணும். கம்பி பிரஷ் போட்டா போர்டு நார் நாரா வரும். மாஸ்க், கண்ணாடி கண்டிப்பா போடுங்க, ஃபைபர் கிளாஸ் போர்டுன்னா கையுறையும். கையை வச்சா தூள் ஒட்டாத வரைக்கும் தேய்ச்சு, வாக்யூம் போட்டு எடுக்கணும். இந்த வேலைதான் அலுப்பு, இதைத்தான் எல்லாரும் பாதியில விட்டுடறாங்க. இங்க தூள் மிச்சம் இருந்தா எவ்வளவு விலை கொடுத்து பசை வாங்கினாலும் மறுபடி தொங்கும். போர்டுல விரிசல் இருந்தா, தகட்டுப் பக்கமா ஃபைபர் கிளாஸ் மேட்டும் ரெசினும் வச்சு அடைக்கணும்.

துணி சென்னை ஜி.பி. ரோடு சீட் கவர் கடைகள்ல கேளுங்க. ஸ்பாஞ்ச் ஒட்டின ரூஃப் லைனிங் துணின்னே கேளுங்க. வெறும் துணியை ஒட்டினா போர்டோட மேடு பள்ளம் அப்படியே தெரியும், பசையும் ஊறி வெளிய வரும். ரெக்சின் குழிவுகள்ல படியாது. அறுபது அங்குல அகலத்துல 2 மீட்டர் வாங்கினா சின்ன கூப்பேக்கு சன்வைசரோட சேர்த்துப் போதும். கூப்பேல கூரை தாழ்வு, தலை இடிக்கும், நம்ம ஊர் தேங்காய் எண்ணெய் வேற. வெளிர் நிறம் எடுக்காதீங்க.

சரி, பசைக்கு வர்றேன். மரத்துக்குப் போடுற வெள்ளை ஃபெவிகால் வேண்டாம், சூட்டுல இளகிடும். சூடு தாங்கும்னு போட்டிருக்கிற, லைனிங்குக்குன்னே விக்கிற ஸ்ப்ரே, இல்லன்னா ரெக்சின் வேலைக்காரங்க கன்ல அடிக்கிற ரப்பர் பசை. பிரஷ்ஷால தடவினா வரி வரியா தெரியும், ஸ்பாஞ்சும் ஊறிடும். ரெண்டு பக்கமும் அடிக்கணும், போர்டுக்கு ரெண்டு கோட். முதல் கோட்டை போர்டே குடிச்சுடும். விரல் வச்சா ஒட்டணும், ஆனா நூல் வரக்கூடாது. அந்தப் பதம் வர்ற வரைக்கும் காத்திருங்க. அது எரியுற சரக்கு, மூடின அறையில அடிக்காதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில செய்யவே வேண்டாம். பசை காயும்போது மேல்பரப்பு குளிர்ந்து ஈரம் படிஞ்சு வெளுத்துடும், பிடிப்பே இருக்காது.

துணியைப் பரப்பி, பாதியை மடிச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால அழுத்திக்கிட்டே போகணும். குழி வந்தா முதல்ல குழிக்குள்ள துணியை உக்கார வச்சுட்டு மேல வாங்க. குழிக்கு மேல இழுத்துக் கட்டினா பின்னாடி அந்த இடம்தான் முதல்ல பிரியும். ஓரத்தை 3 சென்டிமீட்டர் பின்பக்கம் மடக்கி ஒட்டி, ஒரு நாள் விட்டுத்தான் வண்டியில மாட்டணும்.

இப்போ பாக்கெட். இங்கயும் தையல் போகல, உள்ள ஓடுற எலாஸ்டிக் செத்துப்போச்சு. மடிப்பைப் பிரிச்சு, 20 மில்லிமீட்டர் எலாஸ்டிக்கை பாக்கெட் வாய் நீளத்துல ஐந்துல நாலு பங்கு வெட்டி, இழுத்துத் தைக்கணும். நூல் பாலியஸ்டர், பருத்தி வேண்டாம். பாக்கெட்டை கதவு போர்டுல அடிக்கிற ஸ்டேப்ளர் பின் போர்டு கனத்தை விடக் குட்டையா இருக்கணும், இல்லன்னா முன்பக்கம் முனை எட்டிப் பாக்கும். நம்ம உப்புக் காத்துக்கு ஸ்டெயின்லெஸ் பின் நல்லது.

எலாஸ்டிக் மாத்தியும் பாக்கெட் முன்னாடி சாஞ்சே நின்னா, கதவு பேட், அதாவது கதவோட உள்பக்க மூடி, அதோட போர்டு ஊறி உப்பியிருக்குன்னு அர்த்தம். பேடைக் கழட்டினா உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். ஸ்பீக்கர் மாத்தினவங்க அதைக் கிழிச்சு விட்டிருப்பாங்க. கண்ணாடி வழியா இறங்குற மழைத் தண்ணி அந்தக் கிழிசல் வழியா போர்டுக்கு வருது. பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் டேப்) போட்டு ஷீட்டை ஒட்டுங்க. கதவுக்கு அடியில தண்ணி போற ஓட்டையை ஒரு கம்பி விட்டுக் குத்துங்க, மண்ணு கொட்டும். ஊறின போர்டை மாதிரி வச்சு 3 மில்லிமீட்டர் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட்டுல புதுசா வெட்டிக்கலாம். அதை விடக் கனமா போட்டா கிளிப் பிடிக்காது. அந்த கிளிப்ல நாலஞ்சு உடையத்தான் செய்யும், புதுப்பேட்டை பார்ட்ஸ் கடையில பழசைக் காட்டி ஒரு டஜன் முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டு கதவைத் தொடுங்க.