மாத்திரையோடு அரிசியும் பருப்பும்

நேயர்களுக்கு வணக்கம். காசநோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கல்லூரியில் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இன்று மாத்திரையை விட்டுவிட்டுச் சோற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான், அதாவது காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை. ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை. ஆனால் படுக்கைகள் போதவில்லை. 1956-ல் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியத்திலும், மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள்; சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. நெரிசலான வீட்டில் அரைகுறையாகச் சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகெங்கும் காசநோய் சிகிச்சையையே மாற்றிய ஆய்வு இது. அது நம் ஊரில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதிலிருந்து பலரும் ஒரு தவறான பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள்: மருந்து இருந்தால் போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்று. நோய் வந்தவர் குணமாவாரா என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. அந்த வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வரும், அதற்குப் பசியும் காரணமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதி. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே கனியாரி என்ற ஊரில் உள்ள மருத்துவமனைக்கு வந்த ஆயிரத்தறுநூறுக்கும் மேற்பட்ட காசநோயாளிகளின் எடையை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஆண்களின் நடுத்தர எடை 42 கிலோ. பெண்களுக்கு 34. வளர்ந்த பெண்ணுக்கு 34 கிலோ! பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை அது.

பிறகு ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வை நடத்தினார்கள். நம் சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள்: பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். 2023-ல் முடிவு வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்துக்குள் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு உயிரிழக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவு. 35 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது ஒன்றேமுக்கால் கிலோதான்.

காசநோயாளிகளின் சாப்பாட்டுக்காக மத்திய அரசு நடத்தும் நிக்ஷய் போஷன் திட்டத்தில் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து ஆயிரம். நல்லதுதான். ஆனால் மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பணம் வாடகைக்குப் போகுமா, பருப்புக்குப் போகுமா? தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ரேஷன் கடை இருக்கிறது. காசநோயாளி உள்ள குடும்ப அட்டைக்குக் கூடுதல் அரிசியும் பருப்பும் அங்கேயே கொடுத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

2022-லிருந்து நம் மாநிலத்தில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' நடக்கிறது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது காசநோய் மருந்து சாப்பிட்டால், மாதாமாதம் எடை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மாதமாகியும் எடை ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.