'புரிந்துகொள்வார்' என்ற வரிக்கு எப்படி மார்க் போடுவது?

[திரையில்: பாடத்திட்டப் பக்கம். ஒரு வரி மட்டும் பெரிதாகிறது.]

வணக்கம். பொறியியல் முதலாண்டு வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு கற்றல் விளைவு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருப்பார் என்று சொல்லும் வரி அது. கல்லூரியில் நாம் சிஓ, அதாவது கோர்ஸ் அவுட்கம், என்று சொல்வோமே, அதுதான். “நீரின் கடினத்தன்மையை மாணவர் நன்கு புரிந்துகொள்வார்.”

செமஸ்டர் முடிந்து அந்த மாணவர் உங்கள் முன் நிற்கிறார். புரிந்துகொண்டாரா, இல்லையா? புரிதல் அவர் மனதுக்குள் நடப்பது. அவர் செய்வதும் சொல்வதும் எழுதுவதும்தான் நம் கண்ணுக்குத் தெரியும்.

[திரையில்: பியூரெட், கூம்புக் குடுவை.]

சரி, ஆய்வகத்துக்கே போவோம். மாணவர் நீர் மாதிரியைப் பிப்பெட்டில் எடுக்கிறார். பஃபர் சேர்த்து பிஹெச் 10 அளவில் வைக்கிறார். எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டியைப் போட்டதும் கரைசல் ஒயின் சிவப்பாகிறது. கடினத்தன்மை தரும் உலோக அயனிகளைப் பிணைக்கும் ஈடிடிஏ கரைசல், பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. சிவப்பு போய் நீலம் வந்த இடத்தில் நிறுத்தி, ரீடிங் எடுக்கிறார். இத்தனையும் நாம் பார்க்கக்கூடிய செயல்கள். அவற்றையே எழுதுவோம்:

[திரையில் எழுத்தாக]
“தரப்பட்ட நீரின் மொத்தக் கடினத்தன்மையை ஈடிடிஏ டைட்ரேஷன் மூலம், இரண்டு ரீடிங் 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துவரும்படி கண்டறிவார். அது குடிக்க ஏற்றதா என்று இந்தியத் தர அளவோடு ஒப்பிட்டு, காரணத்துடன் முடிவு சொல்வார்.”

என்ன செய்வார், எதைக் கொண்டு செய்வார், எவ்வளவு சரியாகச் செய்வார் என்ற மூன்றும் வந்துவிட்டன.

எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம். மாதிரியில் 450 வந்தால் என்ன சொல்வது? “அந்த ஊரில் வேறு தண்ணீர் கிடைக்குமா, சார்?” என்று ஒரு மாணவர் கேட்டால், அவர் கணக்கைத் தாண்டி மதிப்பிடத் தொடங்கிவிட்டார்.

[திரையில்: ஆறு படிகள்.]

புளூம் குழு 1956-இல் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட சிந்தனைப் படிநிலைகள் உங்களுக்குத் தெரிந்தவை: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல். 'புரிதல் இதிலேயே இருக்கிறதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அது படியின் பெயர். வரியில் வரவேண்டிய வினை விளக்குவார், வகைப்படுத்துவார், ஒப்பிடுவார் என்பது போன்றது.

அப்புறம் ஒன்று. சிஓவில் 'பகுத்தாய்வார்' என்று எழுதிவிட்டு, தேர்வில் 'கடினத்தன்மையை வரையறு' என்று இரண்டு மார்க் கேள்வி மட்டும் கேட்கக் கூடாது. மனப்பாடம் செய்தவர் முழு மார்க் வாங்கிவிடுவார். யோசிக்கப் பழகியவருக்கு அதைக் காட்ட இடமே இருக்காது. ஐந்து யூனிட்டுக்கு ஐந்து சிஓ என்று யூனிட் தலைப்புகளையே வாக்கியமாக்கினாலும் இதுதான் நடக்கும்.

உங்கள் பாடத்தின் சிஓக்களை இப்போதே எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் சோதிக்கும் ஒரு கேள்வியையோ ஆய்வகப் பணியையோ எழுதுங்கள். எதற்கு எழுத வரவில்லையோ, அந்த வரியை அடித்துவிட்டு வினையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

[திரையில்: 'நன்கு புரிந்துகொள்வார்' மேல் ஒரு கோடு விழுகிறது.]