ரெசொலூட் முதல் கிரீஸ் ஃபியோர்டு வரை: 385 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

[திரையில்: வட கனடா வரைபடம், இரண்டு சிவப்புப் புள்ளிகள்]

வணக்கம். இடது பக்கப் புள்ளி ரெசொலூட், கார்ன்வாலிஸ் தீவில் இருக்கிறது. வலது பக்கம் சற்று மேலே இருப்பது கிரீஸ் ஃபியோர்டு, எல்ஸ்மியர் தீவின் தென்கரை. இரண்டும் கனடாவின் நுனாவுட் பகுதியில் ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் வாழும் ஊர்கள். 2021 கணக்கெடுப்பின்படி ரெசொலூட்டில் 183 பேர், கிரீஸ் ஃபியோர்டில் 144 பேர். ஊர்களை இணைக்கச் சாலை கிடையாது.

சரி, தூரம் எவ்வளவு? சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். துருவத்துக்குப் போகப் போக அந்த வரைபடம் நிலத்தை இழுத்து விரிக்கிறது; இந்த இடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. நிஜத்தில் தீர்க்கரேகைகள், ஆரஞ்சுச் சுளைகள் காம்புப் பக்கம் ஒடுங்குவது போல, நெருங்கி வருகின்றன. இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட 12 பாகை வித்தியாசம். நிலநடுக்கோட்டில் அது சுமார் 1,330 கிலோமீட்டர். இங்கே 330தான். வடக்கே ஏறும் 190 கிலோமீட்டரையும் சேர்த்து, சாய்வாக நேர்கோடு போட்டால் சுமார் 385.

[திரையில்: சிறிய விமானம், சரளைக்கல் ஓடுதளம்]

ஜெட் விமானம் இதை அரை மணி நேரத்தில் தாண்டிவிடும். ஆனால் கிரீஸ் ஃபியோர்டில் ஜெட் இறங்க முடியாது. மலைக்கும் கடலுக்கும் இடையில் கிடைத்த துண்டு நிலத்தில், சரளைக்கல் பரப்பிய ஓடுதளம். நீளம் அரை கிலோமீட்டர்தான். அதில் இறங்கி ஏறக்கூடியது ட்வின் ஆட்டர். இரண்டு புரொப்பெல்லர், அதிகபட்சம் 19 இருக்கை. மணிக்கு 280 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி 22 நிமிடம். எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் ஒரு மணி 40. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஒரு மணி 10.

இது பறக்கும் நேரம் மட்டும். மூடுபனியோ பனிப்புயலோ வந்தால் விமானம் கிளம்பவே கிளம்பாது. ரெசொலூட்டில் காத்திருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனும் உதிப்பதில்லை.

வழி நெடுக ஊர் ஒன்றுகூட இல்லை. கீழே டெவன் தீவு, உலகத்திலேயே மனிதர் குடியில்லாத மிகப் பெரிய தீவு. விண்கல் விழுந்து உண்டான ஹாட்டன் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்துக்கான கருவிகளைச் சோதிக்க ஆய்வாளர்கள் தேடிப் போகிற இடம். அதைத் தாண்டினால் ஜோன்ஸ் நீரிணை, அப்புறம் எல்ஸ்மியர் மலைகள்.

இந்த 385 கிலோமீட்டரை வெறும் எண்ணாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1953-இல் கனடா அரசு, சுமார் 2,000 கிலோமீட்டர் தெற்கே இருந்த இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து இனுவிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி இந்த வடக்கே கொண்டுவந்து இறக்கியது. வேட்டை நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில்தான் இருப்போம் என்று நம்பி ஏறியவர்களுக்கு, பிரித்து வெவ்வேறு இடங்களில் விடப்போகும் செய்தி கப்பலில்தான் தெரிந்தது. சொந்தபந்தங்களில் சிலர் ரெசொலூட்டில், சிலர் எல்ஸ்மியரில். நடுவே உறைந்த கடலும் டெவன் தீவும். அரசு மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

[திரையில்: மீண்டும் வரைபடம், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு]