இ.சி.ஜி. சரி, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். வயது 44, கோட்டையில் கந்தோர் வேலை. தொடர்மாடியில் லிஃப்ட் பழுதாகி நாலாம் மாடிக்கு நடந்து ஏறியபோது, வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லையாம். பயந்துபோய் இ.சி.ஜி. எடுத்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை. "அப்படியென்றால் என் இதயமும் நுரையீரலும் நல்லாத்தானே இருக்கு டொக்டர்?"

சகோதரர், அந்த இ.சி.ஜி. எடுக்கும்போது நீங்கள் கட்டிலில் படுத்திருந்தீர்கள். படுத்திருக்கும்போது இதயம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் அது சொன்னது. குழாயில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரியும் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று அறியத்தான். இதயம், நுரையீரல், இரத்தம், தசை நாலும் சேர்ந்து வேலை செய்யும்போது உடம்பு எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்பது வேறு கணக்கு. அதன் உச்ச அளவுக்குத்தான் விஓ2 மேக்ஸ் என்று பெயர். சும்மா இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீட்டர் அளவில் போதும். படி ஏறும்போது அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அங்கேதான் உங்களுக்கு மூச்சு வாங்கியது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது நெஞ்சை இறுக்கினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ போனாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ, வீட்டுப் பரிசோதனை எதுவும் வேண்டாம், நேரே டொக்டரிடம் போங்கள். உட்கார்ந்த பிறகும் இறுக்கம் போகாமல் வியர்த்துக் கொட்டினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். சீனி வருத்தம், பிரஷர் இருப்பவர்களும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இப்படி ஒன்றும் இல்லையென்றால் வீட்டிலேயே படிப் பரிசோதனை செய்யலாம். 12 அங்குல உயரமான, ஆடாத படி ஒன்று வேண்டும். போனில் மெட்ரனோமை, அதாவது ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் செயலியை, நிமிடத்துக்கு 96 தட்டு என்று வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. நிமிடத்துக்கு 24 தடவை, மொத்தம் 3 நிமிடம். முடிந்ததும் உடனே உட்கார்ந்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள்.

எண்ணும் இடத்தில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். தண்ணீரைக் குடித்து, முகத்தைத் துடைத்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் 20 விநாடி போய்விடும். அதற்குள் நாடி இறங்கிவிடும், எண் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். கதிரையைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு இருக்கிறது.

நாடி எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு கெதியாக இறங்குகிறது என்பதைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். ட்ரெட்மில் பரிசோதனையில் ஓட்டம் முடிந்த முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் குறையவில்லை என்றால், அந்த ஆளை விடாமல் கவனிக்க வேண்டும் என்பது 1999இலிருந்தே எங்களுக்குத் தெரியும்.

பிரஷருக்கு அட்டெனோலோல், பிசோப்ரோலோல் மாதிரிக் குளிசை பாவிப்பவர்களுக்குப் படிப் பரிசோதனையில் வரும் எண் பொருந்தாது. அந்தக் குளிசை நாடியைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும். அப்புறம் நம்முடைய கொழும்பு வெக்கை. சித்திரை மாதத்து மத்தியானம் செய்தால் நாடி தானாகவே கூடும், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுச் செய்தாலும் கூடலாம். அதனால் காலையில், தேநீருக்கு முன், எப்போதும் அதே படியில் செய்யுங்கள். கூட வேலை செய்பவரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம், போன தடவை உங்களுக்கு வந்ததோடு ஒப்பிடுங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் விஓ2 மேக்ஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது நாடியையும் வேகத்தையும் வைத்துப் போடும் மதிப்பீடுதான். 220இலிருந்து வயதைக் கழித்தால் வரும் உச்ச நாடியும் அப்படியே; உங்களுக்கு 176 வரும், ஆனால் ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு இப்படி அப்படிப் போகும்.

உட்கார்ந்த வேலையைப் பற்றி ஒரு விஷயம். 1953இல் ஜெரமி மொரிஸ் குழுவினர் லண்டன் இரட்டைத்தட்டு பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கொண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருந்தது. ஒரே பஸ், ஒரே பாதை. காலி வீதியில் பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நீங்கள் அந்த டிரைவர் ஆசனத்தில்தான் இருக்கிறீர்கள், சகோதரர். பின்னேரம் மரைன் டிரைவில் 30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள் நடவுங்கள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். ஆறு கிழமை கழித்து அதே படியில் திரும்ப எண்ணி, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், என்ன குளிசை பாவிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.