மூச்சு வந்துவிட்டது, கால் இன்னும் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம். காட்டுப்பாதை, மலைப்பாதை, கல்லும் வேருமாகக் கிடக்கிற ஒற்றையடிப்பாதை, இதிலெல்லாம் ஆசைக்கு ஓடுகிறவர்களுக்கான பேச்சு இது. அதிலும் அடிபட்டு உட்கார்ந்துவிட்டு, மறுபடி எப்போது ஷூ மாட்டலாம் என்று தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு. நான் மருத்துவர் இல்லை, எந்தப் போட்டியிலும் ஜெயித்தவனும் இல்லை. குதிகாலுக்கு மேலே, ஆடுசதையை எலும்போடு சேர்க்கிற தசைநாணில் வலி வந்து நீண்ட காலம் ஓடாமல் இருந்து திரும்பி வந்தவன். அப்புறம் அதே மாதிரி திரும்பி வருகிற நண்பர்களுக்குத் துணையாக மெதுவாகக் கூட ஓடுகிறவன். ஆகவே உங்கள் வலி என்ன வலி என்று என்னால் சொல்ல முடியாது. எலும்பில் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டால் சுள்ளென்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, காலை ஊன்றவே முடியவில்லை என்றால் ரேடியோவை அணைத்துவிட்டுப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். திரும்பி வரும்போது மூச்சு முதலில் வந்துவிடும், கால் பின்னால்தான் வரும். இதை நடுவில் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் பலகையில் எழுதிப் போட முடியாதே.

முதலில் மூச்சு. 1966-ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் 5 பேர், 3 வாரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும். கேட்கும்போது யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். 3 வாரம் முடிந்து பார்த்தால், உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அந்தத் திறனில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. பிறகு பயிற்சி கொடுத்து மீட்டார்கள், அது வேறு. சுவாரஸ்யம் எங்கே என்றால், 30 வருஷம் கழித்து அதே 5 பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். 30 வருஷ வயது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட அந்த 3 வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம்! 50 வயதில் அவர்களுக்கு 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதால் போன அந்தத் திறனும் திரும்பிவிட்டது.

இதிலிருந்து எனக்குப் புரிவது, முழு ஓய்வு என்பது சும்மா கிடைக்கிற மருந்து இல்லை, அதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஓட முடியாவிட்டால் சைக்கிள், நீச்சல், நடை, எதை உங்கள் அடி அனுமதிக்கிறதோ அதைச் செய்துகொண்டிருங்கள். இன்னொன்று, இதயமும் நுரையீரலும் நம்மைக் கைவிடுவதில்லை, கூப்பிட்டால் வந்துவிடும். சில வாரப் பயிற்சியிலேயே ‘ஆகா, பழையபடி ஆகிவிட்டேன்’ என்று தோன்ற ஆரம்பிக்கும்.

அங்கேதான் வம்பு. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் தசையைவிடக் குறைவு, அது தன்னைப் பலப்படுத்திக்கொள்ள மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எலும்பு இன்னும் வேடிக்கை. புதிதாகச் சுமை வந்தால் எலும்பு பலமாகும் என்று நமக்குத் தெரியும், ஆனால் அது நேராகப் பலமாவதில்லை. முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புதியதைப் போடுகிறது. கரைத்தாகிவிட்டது, புதியது இன்னும் இறுகவில்லை என்கிற இடைப்பட்ட சில வாரங்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். ஒரு சுற்று முழுசாக முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது வாரம் உங்களுக்கு மூச்சு பிரமாதமாக இருக்கிறது, மனசு பறக்கிறது, அதே நேரம் எலும்பு அரைகுறை வேலையில் நிற்கிறது. உடம்பு சோர்ந்திருக்கும்போது நாமே ஜாக்கிரதையாகத்தான் இருப்போம். நன்றாக இருக்கிறது என்று தோன்றுகிற வாரத்தில்தான் மேலே இருக்கிற அந்தக் கோயில் வரை, அந்தக் கோபுரம் வரை ஓடிப் பார்க்கலாமே என்று கால் அரிக்கும். அந்த வாரத்தைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன்.

அப்படியானால் தசைநாணுக்குச் சுமையே கொடுக்கக் கூடாதா? கொடுக்க வேண்டும். இங்கே எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது, எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன், இங்கேயும் தப்ப முடியாது. வடக்கு ஸ்வீடனில் உமியோ என்ற ஊர். அங்கே ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஒரு எலும்பு அறுவை மருத்துவர், ஓடுகிறவர். அவருக்கே குதிகால் தசைநாணில் தீராத வலி. ஓய்வெடுத்துப் பார்த்தார், போகவில்லை. அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டார். அவர் முடியாது என்றுவிட்டார், இவர் படுத்துவிட்டால் வேலையை யார் பார்ப்பது என்ற கவலை. நம் ஆளுக்குக் கோபம். சரி, தசைநாண் அறுந்தே போய்விட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும், நானே அறுத்துக்கொள்கிறேன் என்று ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்றுகொண்டு, வலிக்க வலிக்கக் குதிகாலைக் கீழே இறக்கினார். தினமும் இறக்கினார், கனம் சேர்த்தும் இறக்கினார். அறுபடவில்லை. வலிதான் போய்விட்டது.

துறையில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை இது, ஆனால் சிரிப்போடு நிற்கவில்லை. அதை அவர் முறையான ஆராய்ச்சியாகச் செய்து 1998-ல் வெளியிட்டார். நாள்பட்ட வலியோடு இருந்த, பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் 15 பேர். முழங்காலை நீட்டி 15 தடவை இறக்குவது, அப்படி 3 சுற்று. முழங்காலை லேசாக மடித்து அதே போல 3 சுற்று. காலை, மாலை இரண்டு வேளை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 180. 12 வாரம். 15 பேரும் பழைய அளவுக்கு ஓடத் திரும்பினார்கள். எனக்கும் இதைத்தான் பிசியோ கொடுத்தார், சலிப்பென்றால் அப்படி ஒரு சலிப்பு. பிறகு வந்த ஆராய்ச்சிகளில், தசைநாண் குதிகால் எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலி இருப்பவர்களுக்கு இப்படிப் படிக்குக் கீழே இறக்குவது அவ்வளவாக ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது, அவர்கள் தரையளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் வலி எந்த இடத்தில் என்பதை யாராவது தெரிந்தவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். என்ன சொல்ல வந்தேன் என்றால், 12 வாரம். மூச்சு மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும் என்றேனே, இதற்கு 12 வாரம். வலி போன அன்றைக்கு வேலை முடிந்துவிடுவதும் இல்லை.

அடுத்து எல்லோரும் கேட்கிற கேள்வி, வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம்? பத்து சதவீதம் என்று ஒரு விதி ஊரெல்லாம் உலவுகிறது. 2008-ல் நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரத்தில், புதிதாக ஓட ஆரம்பித்த 500 பேருக்கும் மேல் வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு அந்தப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சி, இன்னொரு பாதிக்கு 8 வாரத்தில் வேகமாகக் கூட்டுகிற வழக்கமான பயிற்சி. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடி. வித்தியாசமே இல்லை. அதற்காக இஷ்டத்துக்குக் கூட்டலாம் என்று அர்த்தமில்லை, எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு எண் கிடையாது, அவ்வளவுதான். மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கே ஏமாற்று வேலை. சமதளத்து 5 கிலோமீட்டரும் ஏறி இறங்கும் 5 கிலோமீட்டரும் காலுக்கு ஒன்றா? அதனால் நான் நேரத்தை மட்டும் பார்ப்பேன். முதலில் அரை மணி நேரம் வேகமாக நடந்து, மறுநாளும் வலி இல்லை என்றால், அதற்குள் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று கலப்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச ஆளில்லையென்றால் பாடுங்கள், காட்டில் யார் கேட்கப் போகிறார்கள்.

தசைநாண் வலிக்கு மட்டும் ஒரு அளவுகோல் சொல்கிறேன், இதுவும் ஸ்வீடனிலிருந்து வந்ததுதான், வலிக்குப் பேர்போன நாடாக ஆகிவிட்டது போல. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடுங்கள். ஓடும்போது ஐந்து வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறவும் கூடாது. அவர்கள் ஐந்து என்றார்கள், நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன், அது என் சுபாவம். மறுநாள் காலை என்றேனே, அதுதான் முக்கியம். கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் பத்து அடி சொல்கிற உண்மையை எந்த ஜிபிஎஸ் வாட்ச்சும் சொல்லாது. ஓடும்போது உடம்பு சூடாகி வலி மறைந்துவிடும், அதை நம்ப வேண்டாம். எலும்பில் வலி என்றால் இந்த மார்க் கணக்கெல்லாம் கிடையாது. அங்கே ஒரு மார்க் வந்தாலே நிறுத்த வேண்டியதுதான்.

சரி, மலைக்கு வருகிறேன். ஏற்றத்தைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம், எனக்கு இறக்கத்தைப் பார்த்துத்தான் பயம். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதனால் உடம்பே உங்களை நிறுத்திவிடும். ஏற்றத்தில் நடப்பதில் கேவலமும் இல்லை. மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாக, 170 கிலோமீட்டருக்கு மேல், 10,000 மீட்டர் அளவுக்கு ஏற்றத்தோடு ஒரு போட்டி 2003 முதல் நடக்கிறது, அதில் முன்னணியில் போகிறவர்களே செங்குத்தான இடத்தில் தொடையில் கையை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள். நாம் நடந்தால் என்ன? ஆனால் இறங்கும்போது மூச்சு வாங்குவதே இல்லை. பேசிக்கொண்டே இறங்கலாம். அந்த நேரம் தொடையின் முன்பக்கத் தசை, சுமையோடு மலைச்சாலையில் இறங்கும் லாரி மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் பிரேக் பிடித்துக்கொண்டே போகிறது. சுருங்க முயலும்போதே நீட்டப்படுகிறது. அதில் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, அதன் வலி அன்றைக்குத் தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேட வைக்கும். மூச்சு நன்றாக இருக்கிறது, கால் அடிவாங்குகிறது. பார்த்தீர்களா, மறுபடி அதே கதை.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒரு தடவை அளவாக இறக்கத்தில் ஓடி வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு சேதமாவதில்லை. அதனால் இறக்கத்தையும் மருந்து மாதிரி சின்னச் சின்ன அளவில் பழக வேண்டும், முதலில் நடந்து இறங்கி, பிறகு லேசான சரிவில் ஒரு சில நிமிஷம் ஓடி, அப்புறம் விட்டுவிட்டு மறு வாரம். சின்னச் சின்ன அடியாக, வேகவேகமாக, உடம்பைப் பின்னால் சாய்க்காமல். முழங்கால் வலியிலிருந்து திரும்புகிறவர்களுக்கு இறக்கம்தான் கடைசி. குதிகால் தசைநாண், ஆடுசதைக் காரர்களுக்கு அப்படியில்லை, அவர்களுக்குச் செங்குத்தான ஏற்றம்தான் கடைசியாக வர வேண்டும், ஏனென்றால் அங்கே குதிகால் தொங்கிக்கொண்டு இழுபடுகிறது. ஏற்றம், இறக்கம், கரடுமுரடு, நேரம், வேகம், இதில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டைக் கூட்டினால், வலி வந்தபோது எதைக் குறைப்பது என்றே தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். கணுக்காலைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக, ஒரு தடவை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகுவதற்கு வாய்ப்பு அதிகம், வீக்கம் போனதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணர்கிற திறன் அதில் மங்கிப்போகிறது. பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள், சுவர் பக்கத்தில் இருக்கட்டும். இந்தச் சமநிலைப் பயிற்சி மறு பிசகைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சியில் நன்றாகவே நிரூபணமான விஷயம். ஷூவைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன், இப்போது நேரமில்லை, திரும்பி வரும் காலத்தில் புது வகை ஷூவுக்கு மாறாதீர்கள் என்பதோடு விடுகிறேன். பாதையில் தனியாகப் போகிறவர்கள் எந்த வழி, எப்போது திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், சார்ஜ் உள்ள போன் பையில் இருக்கட்டும், பாதி வழியில் வலித்தால் நடந்தே திரும்புகிற தூரத்துக்கு மேல் போகாதீர்கள். வணக்கம்.